பிரிட்டனின் பிராந்திய ஒயின் சங்கங்கள்: யாருக்காகப் பேசுகின்றன?

கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலும் அதையடுத்த ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பகுதிகளிலும் மளிகையுடன் மதுபானமும் விற்கும் தமிழர் கடைகள் பல இயங்கி வருகின்றன. இத்தகைய கடைகளின் ஒயின் அடுக்குகளில் ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் போன்ற நாடுகளின் புட்டிகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. இங்கிலாந்து மண்ணில் விளைந்த ஒயின் அங்கு அரிது.

ஆனால் பார்க்கிங்கில் இருந்து கிழக்கு நோக்கிச் சுமார் ஒரு மணி நேரம் பயணித்தால், எசெக்ஸ் மாவட்டத்தின் க்ரவுச் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களைக் காணலாம். பார்க்கிங்கும் 1965 வரை அதே எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்த ஆண்டில்தான் அது பெருநகர லண்டனுடன் இணைக்கப்பட்டது.

அந்தத் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அது கேட்டுப் பெறும் சலுகைகளும் விதிகளும் தோட்டங்களோடு நின்றுவிடுவதில்லை. பார்க்கிங்கில் கடை வைத்திருப்பவர் புட்டியில் ஒட்டும் விலைச்சீட்டு வரை அவை வந்து சேருகின்றன. ஒரு பிராந்திய ஒயின் சங்கம் என்னதான் செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்ற கேள்வி இதனால் எழுகிறது.

சங்கங்கள் தோன்றிய விதம்

இங்கிலாந்தில் திராட்சை பயிரிடுவது புதிய வழக்கமல்ல. முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086-ல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் நாற்பதுக்கும் அதிகமான திராட்சைத் தோட்டங்கள் பதிவாகியுள்ளன. எசெக்ஸின் ரெய்லி அவற்றுள் ஒன்று. பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பயிர் ஏறக்குறைய மறைந்துபோனது.

1950-களின் தொடக்கத்தில் ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் கிராமத்தில் மேஜர் ஜெனரல் சர் கை சாலிஸ்பரி ஜோன்ஸ் நட்ட தோட்டமே தற்கால வணிக முயற்சிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. எசெக்ஸில் பர்லி கிராமத்தின் நியூ ஹால் தோட்டம் 1969-ல் தொடங்கியது.

அன்றைய தோட்டக்காரர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள் அல்லது வேறு விவசாயத்தில் இருந்தவர்கள். குளிர்ந்த, ஈரமான இந்த நாட்டில் எந்த ரகம் பழுக்கும், எப்போது கவாத்து செய்வது, எந்த மருந்து தெளிப்பது என்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. அரசாங்கமும் இதை ஒரு தொழிலாகக் கருதவில்லை. இந்தச் சூழலில்தான் 1967-ல் ஆங்கிலத் திராட்சைத் தோட்டங்கள் சங்கம் உருவானது.

அதன் இடத்தை 1996-ல் ஐக்கிய ராஜ்ஜியத் திராட்சைத் தோட்டங்கள் சங்கம் எடுத்துக்கொண்டது. விற்பனையையும் விளம்பரத்தையும் கவனிக்க ஆங்கில ஒயின் உற்பத்தியாளர்கள் என்ற மற்றோர் அமைப்பு தனியாக இயங்கியது. இவை இரண்டும் 2017-ல் இணைந்தன. ஒயின்ஸ் ஆஃப் கிரேட் பிரிட்டன், சுருக்கமாக ஒயின் ஜிபி, என்று இன்று அழைக்கப்படும் தேசிய அமைப்பு இவ்வாறு பிறந்தது.

இந்தத் தேசிய அமைப்பின் கீழ் பிராந்தியச் சங்கங்கள் செயல்படுகின்றன. எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் உள்ளிட்ட கிழக்கு மாவட்டங்களில் முன்பு கிழக்கு ஆங்கிலியத் திராட்சை வளர்ப்போர் சங்கம் என்ற பெயரில் இயங்கிய அமைப்பு, தற்போது ஒயின் ஜிபியின் கிழக்குக் கிளையாக உள்ளது.

தொழிலும் இதற்கிடையே பெருகியுள்ளது. பிரிட்டனில் உள்ள திராட்சைத் தோட்டங்களின் எண்ணிக்கை ஆயிரத்தையும், பரப்பளவு 4,000 ஹெக்டேரையும் தாண்டிவிட்டது. உலக அளவில் பார்த்தால் இது மிகச் சிறிய பரப்பே.

அறிவைப் பகிர்ந்துகொள்ளுதல்

பிராந்தியச் சங்கத்தின் முதல் பணி விளம்பரமாக இருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில் அது தொழில் அறிவைப் பகிர்வதில்தான் தொடங்குகிறது.

பிரிட்டனில் திராட்சைக் கொடிக்கு மிகப் பெரிய எதிரி வசந்தகால உறைபனி. கொடி துளிர்த்த பிறகு ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ ஓர் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்றால், அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி கருகிவிடக்கூடும். 2017 ஏப்ரல் இறுதியில் பல தோட்டங்களில் இவ்வாறு நேர்ந்தது. வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றுவது, காற்றாடிகளைச் சுழலவிட்டு மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்குவது போன்ற தடுப்புமுறைகள் செலவு மிக்கவை. எந்தச் சரிவில் எது பலன் தரும் என்பதை அண்டைத் தோட்டக்காரரின் அனுபவமே சொல்ல முடியும்.

விளைச்சலின் ஏற்ற இறக்கமும் கடுமையானது. 2023-ல் பிரிட்டனின் உற்பத்தி வரலாறு காணாத வகையில் இரண்டு கோடிப் புட்டிகளைத் தாண்டியது. மழை மிகுந்து அடிச்சாம்பல் நோய் பரவிய 2024-ல் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஓராண்டு கொள்கலன் போதாமையும் மறு ஆண்டு பழம் போதாமையும் வரும் தொழிலில், யாரிடம் பழம் மிகுதியாக உள்ளது, யாருக்குத் தேவை என்ற தகவலே பணமாகிறது.

இது எசெக்ஸுக்கு மேலும் முக்கியமானது. நாட்டின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்றான க்ரவுச் பள்ளத்தாக்கில் ஷார்டனே, பினோ நுவார் ரகங்கள் நன்கு பழுக்கின்றன. இங்குள்ள விவசாயிகள் பலர் சொந்தமாக ஒயின் தயாரிப்பதில்லை. பழத்தை வேறு மாவட்டங்களின் ஒயின் ஆலைகளுக்கு விற்கிறார்கள். ஆகவே ஒரே சங்கத்திற்குள்ளேயே பழம் விற்பவரும் வாங்குபவரும் இருக்கிறார்கள். அவர்களின் நலன்கள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பெயர் யாருக்குச் சொந்தம்?

சங்கங்களின் இரண்டாவது பணி, பெயரை வரையறுத்துக் காப்பது.

கடைக்குச் செல்லும் வாடிக்கையாளர்களில் பலருக்கு ஆங்கில ஒயின், பிரிட்டிஷ் ஒயின் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிவதில்லை. ஆங்கில ஒயின் என்பது இங்கிலாந்தில் விளைந்த திராட்சையிலிருந்து தயாரிக்கப்படுவது. பிரிட்டிஷ் ஒயின் என்ற பெயரில் நெடுங்காலமாக விற்கப்படுவதோ, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான திராட்சைச் சாற்றுச் செறிவைக் கொண்டு பிரிட்டனில் தயாரிக்கப்படும் மலிவான பானம். தரத்துக்காகப் பல ஆண்டுகள் உழைக்கும் தோட்டக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் பெரும் இடையூறு. ஆங்கில ஒயின், வெல்ஷ் ஒயின் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்புப் பெறப்பட்டதன் பின்னணி இதுதான்.

ஆனால் பெயருக்கு எல்லை வகுக்கும்போது சிலர் அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 2022-ல் சசெக்ஸ் மாவட்டத்தின் ஒயினுக்குத் தனியான புவிசார் பாதுகாப்பு வழங்கப்பட்டது. தரத்துக்கு இது ஒரு முத்திரை என்று ஆதரவாளர்கள் வரவேற்றனர். மாவட்ட எல்லை என்பது நிர்வாகக் கோடுதான், மண்ணும் வானிலையும் அந்தக் கோட்டைப் பார்த்து மாறுவதில்லை என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

எசெக்ஸ் விவசாயியின் பார்வையில் இதன் விளைவு எளிமையானது. அவருடைய பழம் எவ்வளவு சிறந்ததாயினும், அது கலந்த ஒயின் சசெக்ஸ் என்ற பெயரைத் தாங்க முடியாது. ஒரு பிராந்தியம் பெயர் பெறும்போது, அதற்குப் பழம் விற்கும் அண்டைப் பிராந்தியத்தின் பேரம் பேசும் வலு குறையக்கூடும்.

வரியில் கிடைத்த வெற்றி

மூன்றாவது பணி அரசாங்கத்துடன் பேசுவது. இதில்தான் சங்கத்தின் செயல் பார்க்கிங் கடைத்தெருவை நேரடியாகத் தொடுகிறது.

பிரிட்டனில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி நுரைக்கும் வகையைச் சேர்ந்தது. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் இந்த வகைக்கு, புளிப்பு மிகுந்து சர்க்கரை குறைந்த பழமே தேவை. குளிர் நாட்டின் குறையே இங்கு அனுகூலமாகிறது.

ஆனால் நுரைக்கும் ஒயினுக்கான கலால் வரி, சாதாரண ஒயினைவிட 28 சதவீதம் அதிகமாக இருந்தது. 2021 அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ரிஷி சுனக் இந்த வேறுபாட்டை நீக்குவதாக அறிவித்தார். உள்நாட்டு உற்பத்தியாளர்கள் நெடுநாளாக வலியுறுத்தி வந்த கோரிக்கை அது.

புதிய முறை 2023 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. மதுவின் வகையை விட்டுவிட்டு, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவுக்கே வரி விதிக்கப்பட்டது. நுரைக்கும் ஒயின் புட்டி ஒன்றின் வரி 2 பவுண்டு 86 பென்ஸில் இருந்து 2 பவுண்டு 67 பென்ஸாகக் குறைந்தது. அதே நாளில், சாதாரண ஒயின் புட்டியின் வரி 2 பவுண்டு 23 பென்ஸில் இருந்து அதே 2 பவுண்டு 67 பென்ஸுக்கு உயர்ந்தது.

அதாவது, ஒரே சட்டம் எசெக்ஸ், சசெக்ஸ் தோட்டங்களின் நுரைக்கும் ஒயினுக்கு 19 பென்ஸ் குறைத்தது, மூலைக்கடையில் அதிகம் விற்கும் வெளிநாட்டுச் சாதாரண ஒயினுக்கு 44 பென்ஸ் கூட்டியது. இவற்றின் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேரும்.

அடுத்த மாற்றம் 2025 பிப்ரவரி 1-ல் வந்தது. அதுவரை 11.5 முதல் 14.5 சதவீதம் வரையிலான ஒயின்கள் அனைத்தும் 12.5 சதவீதமாகவே கணக்கிடப்பட்டு வந்தன. அந்த இடைக்கால ஏற்பாடு அன்று முடிவடைந்தது. வெயில் மிகுந்த நாடுகளில் பழத்தில் சர்க்கரை அதிகம் சேர்வதால் அங்குள்ள செவ்வொயின்களில் ஆல்கஹாலும் அதிகம். 14.5 சதவீத ஒயின் புட்டியின் வரி ஒரே நாளில் 54 பென்ஸ் உயர்ந்து 3 பவுண்டு 21 பென்ஸானது. 11 சதவீதம் கொண்ட குளிர்நாட்டு ஒயினுக்கான வரியோ 2 பவுண்டு 44 பென்ஸாக இருந்தது.

இந்த விளைவுகள் எல்லாவற்றையும் தோட்டக்காரர் சங்கம் கேட்டுப் பெற்றது என்று கூற முடியாது. பொதுச் சுகாதாரமும் அரசின் வருவாயும் இதில் முக்கியக் காரணங்கள். தோட்டக்காரர்களுக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. சிறு உற்பத்தியாளர்களுக்கான வரிச் சலுகை 8.5 சதவீதத்துக்குக் குறைந்த பானங்களுக்கே வழங்கப்பட்டது. இதனால் பியர், சைடர் தயாரிப்போர் பலனடைந்தனர், ஒயின் தயாரிப்போர் விடுபட்டனர். தோட்ட வாசலிலேயே விற்கப்படும் புட்டிகளுக்கு வரிக்கழிவு தேவை என்று ஒயின் ஜிபி கோரியதற்கு இது ஒரு காரணம்.

மேசையில் இடம்பெறாத கடைக்காரர்

பிரிட்டனில் தமிழர்களின் கடை வணிகம், குறிப்பாக 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்களின் உழைப்பால் விரிவடைந்தது. பெட்ரோல் நிலையங்களிலும் பிறர் கடைகளிலும் இரவுப் பணி செய்து, சேமித்து, சொந்தமாகக் கடை வாங்கியவர்கள் பலர். சிறு கடைக்கு மதுபான விற்பனை ஒரு முக்கிய வருவாய்.

அந்த வருவாயோடு பொறுப்புகளும் வருகின்றன. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி கடைக்கு ஓர் உரிமமும், விற்பனைக்குப் பொறுப்பானவருக்குத் தனி உரிமமும் தேவை. 2017 ஏப்ரல் முதல், வருவாய்த் துறையின் பதிவேட்டில் உள்ள மொத்த வியாபாரிகளிடம் மட்டுமே கடைக்காரர்கள் மதுபானம் வாங்க வேண்டும். பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கினால் சரக்கு பறிமுதலாகலாம், அபராதமும் விதிக்கப்படலாம்.

வரி மாறும் ஒவ்வொரு முறையும் அதை வாடிக்கையாளரிடம் விளக்க வேண்டியவரும் அவரே. பெரும் பேரங்காடிகள் உயர்வின் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு விலையை நிறுத்திவைக்க முடியும். மூலைக்கடைக்கு அந்த வசதி இல்லை.

ஒயின் தொடர்பான கொள்கை விவாதங்களில் தோட்டக்காரர்களுக்காக ஒயின் ஜிபி பேசுகிறது. இறக்குமதியாளர்களுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் ஒயின் மற்றும் மதுபான வர்த்தகச் சங்கம் இருக்கிறது. சிறு கடைகளுக்கும் அமைப்புகள் உண்டு. 1919-ல் செய்தித்தாள் முகவர்களுக்காகத் தொடங்கப்பட்ட தேசியக் கூட்டமைப்பு, இப்போது சுயாதீனச் சில்லறை வியாபாரிகள் கூட்டமைப்பாக மாறியுள்ளது. ஆனால் அது செய்தித்தாள், புகையிலை, கடைத்திருட்டு என்று பல பிரச்சனைகளைச் சுமக்கிறது. ஒயின் வரி அதன் பட்டியலில் ஒன்று மட்டுமே. ஒரே பொருளுக்காக உருவான சங்கத்தின் குரல், பல பொருள்களுக்காக உருவான சங்கத்தின் குரலைவிடக் கூர்மையாக ஒலிப்பது இயல்பு.

ஷாம்பெயின் காட்டும் வேறு வழி

இரு தரப்பையும் ஒரே அமைப்பில் அமர்த்துவது சாத்தியமா? பிரான்ஸின் ஷாம்பெயின் பிராந்தியம் இதற்கு ஒரு விடை தருகிறது.

1941-ல் அமைக்கப்பட்ட ஷாம்பெயின் குழுவில் திராட்சை விவசாயிகளுக்கும் ஒயின் நிறுவனங்களுக்கும் சம இடம் உண்டு. விவசாயிகளின் தரப்பிலிருந்து ஒருவரும் நிறுவனங்களின் தரப்பிலிருந்து ஒருவருமாக இருவர் தலைமை வகிக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் எவ்வளவு பழம் அறுவடை செய்யலாம் என்ற உச்சவரம்பை ஆண்டுதோறும் இரு தரப்பும் பேசியே முடிவு செய்கின்றன. பிரிட்டனின் சங்கத்தில் சேர்வது உறுப்பினரின் விருப்பம். ஷாம்பெயினிலோ பங்களிப்பு கட்டாயம்.

பெயரைக் காப்பதில் ஷாம்பெயின்காரர்கள் பெற்ற முக்கிய வெற்றி ஒன்று லண்டனிலேயே கிடைத்தது. ஸ்பானிஷ் ஷாம்பெயின் என்ற பெயரில் விற்கப்பட்ட ஒயினுக்கு எதிராக 1958-ல் தொடரப்பட்ட குற்றவியல் வழக்கு தோற்றது. ஷாம்பெயின் நிறுவனங்கள் மனம் தளராமல் உரிமையியல் வழக்குத் தொடர்ந்தன. 1960-ல் உயர் நீதிமன்றம் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எனினும் இந்த ஏற்பாட்டிலும் ஒரு தரப்பு விடுபட்டிருக்கிறது. 2023 அறுவடையின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்களை மோசமான நிலையில் தங்கவைத்து வேலை வாங்கிய வழக்கில், 2025 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று மூவரை ஆட்கடத்தல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளித்தது. விவசாயிக்கும் நிறுவனத்துக்கும் சம இடம் தந்த அமைப்பில், பழம் பறிக்கும் கைகளுக்கு இடமில்லை என்பதை அந்த வழக்கு நினைவூட்டியது.

நாசிக் தரும் பாடம், கம்பத்தின் கேள்வி

இந்தியாவில் இந்தத் தொழிலின் மையம் மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக். அங்கு ஒயின் தொழிலை முதலில் ஊக்குவித்தது மாநில அரசு. 2001-ல் அது வெளியிட்ட திராட்சை பதப்படுத்தும் தொழிற்கொள்கையும் வரிச் சலுகைகளும் பல ஒயின் ஆலைகள் தோன்ற வழிவகுத்தன. விவசாயிகள் பலர், உண்ணும் திராட்சையை விட்டு ஒயின் ரகங்களுக்கு மாறினர்.

2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடியும் மும்பைத் தாக்குதலும் வந்தபோது விடுதிகளில் விற்பனை சரிந்தது. ஆலைகளில் ஒயின் தேங்கியது. பழத்தை வாங்க ஆளில்லாமல் கொடிகளைப் பிடுங்கிய விவசாயிகளும் உண்டு. ஒயின் ரகத் திராட்சையைச் சந்தையில் பழமாக விற்க முடியாது என்பதே அவர்களின் துயரம். இந்தியத் திராட்சை பதப்படுத்தும் வாரியம் புனேயில் அமைக்கப்பட்டது 2009-ல், அதாவது நெருக்கடி வந்த பிறகு.

உற்பத்தியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான முரண்பாடும் அங்கு வெளிப்பட்டது. பேரங்காடிகளில் ஒயின் விற்க அனுமதிக்கும் முடிவை மாநில அமைச்சரவை 2022 ஜனவரியில் எடுத்தது. விவசாயிகளுக்கு இது நன்மை தரும் என்று அரசு கூறியது. சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே உள்ளிட்டோரின் எதிர்ப்பால் அத்திட்டம் முடங்கியது.

தமிழகத்தில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பெயர் பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகில் அறியப்படும் பன்னீர் திராட்சை, ஆண்டில் ஒரு முறைக்கு மேல் அங்கு அறுவடையாகிறது. எசெக்ஸ் தோட்டக்காரர் கனவிலும் காண முடியாத வாய்ப்பு இது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பழத்தின் பெரும்பகுதி பழமாகவே விற்கப்படுகிறது. சில நாட்களில் கெட்டுவிடும் பழத்தின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் வியாபாரியே. மதுபானச் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தும் மாநிலத்தில், ஒயின் ஷாப் என்ற சொல்லுக்கே திராட்சையோடு தொடர்பில்லாமல் போய்விட்டது. மதுவிலக்குக் கோரிக்கை ஆழமாக வேரூன்றிய அந்த மண்ணில் ஒயின் ஆலைகள் பெருக வேண்டுமா என்பது தனி விவாதம். சாறாகவோ உலர்ந்த பழமாகவோ விற்றாலும், புவிசார் குறியீட்டின் பலன் விவசாயியின் கைக்கு வர வேண்டுமானால், விலையையும் தரத்தையும் கூடிப் பேசும் ஓர் அமைப்பு தேவை. பெயர் மட்டும் பழத்தை விற்றுத்தராது.

சங்கத்தை அளக்கும் அளவுகோல்

சிதறிக் கிடக்கும் சிறு உற்பத்தியாளர்களை ஒரு தொழிலாக மாற்றியது பிரிட்டனின் ஒயின் சங்கங்களின் சாதனை. அறிவைப் பகிர்ந்தும், பெயரை வரையறுத்தும், வரி விவாதங்களில் குரல் கொடுத்தும் அரை நூற்றாண்டில் அவை இதைச் செய்துள்ளன. எந்தத் தனித் தோட்டக்காரரும் இவற்றைத் தனித்துச் சாதித்திருக்க இயலாது.

அதேவேளையில், ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காகவே பேசும் என்பதையும் மறக்கலாகாது. அது பெறும் சலுகையின் செலவு, மேசையில் இடமில்லாத ஒருவரின் கணக்கில் எழுதப்படக்கூடும். அவர் பழத்தை மட்டும் விற்கும் எசெக்ஸ் விவசாயியாக இருக்கலாம், பழம் பறிக்கும் தொழிலாளியாக இருக்கலாம், பார்க்கிங்கில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டும் கடைக்காரராகவும் இருக்கலாம்.

அதற்காகச் சங்கத்தைக் குறைகூறுவதில் பயனில்லை. 1967-ல் சில தோட்டக்காரர்கள் கூடியபோது அவர்களின் தொழிலும் எவர் கண்ணுக்கும் படாததாகவே இருந்தது. பிரிட்டனில் கடை நடத்தும் தமிழர்கள் எண்ணிக்கையிலும் அனுபவத்திலும் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். அடுத்த வரி மாற்றம் விவாதத்துக்கு வரும்போது, தங்கள் தரப்பை முன்வைக்கும் அமைப்புகளில் அவர்கள் உறுப்பினர்களாகவாவது இருக்கிறார்களா என்பதே கேள்வி.